ஒரு நாள், ஒரே ஒரு டிக்கெட்: ஃபிளாரன்ஸை நடந்தே பார்க்க

ஜெர்மனியில் முதுநிலை படிக்கிறீர்கள். விடுமுறைக்கு பொலோன்யாவில் நண்பரின் அறையில் தங்கப்போகிறீர்கள். அங்கிருந்து காலையில் ரயிலேறி ஃபிளாரன்ஸ் போய் இரவே திரும்ப வேண்டும். ரயில் செலவு போக கையில் ஐம்பது யூரோ, ஊருக்குள் நடைதான். உஃபிட்சி அருங்காட்சியகத்துக்குப் போவதா, டேவிட் சிலை இருக்கும் அக்காடமியாவுக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உஃபிட்சியை ஓட்டமாக ஓடிப் பார்த்தாலும் மூன்று மணி நேரம் போய்விடும், வரிசையில் நிற்பது தனி. வெளியே வரும்போது கண்ணும் காலும் ஓய்ந்திருக்கும், அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கத் தெம்பு இருக்காது. அக்காடமியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் டேவிட் ஒன்றுக்காகத்தான் போகிறார்கள். அந்தச் சிலையே 1873 வரை வெட்டவெளியில், சதுக்கத்தில் நின்றதுதான். ஃபிளாரன்ஸில் இன்னொரு வகைச் செல்வம் இருக்கிறது. எந்தச் சுவருக்காக வரைந்தார்களோ அந்தச் சுவரிலேயே இன்றும் இருக்கும் ஓவியங்கள், எந்தத் தெருவுக்காகக் கட்டினார்களோ அந்தத் தெருவிலேயே நிற்கும் கட்டடங்கள். ஒரே நாள் என்றால் அவற்றுக்குக் கொடுங்கள். பெர்லினிலேயே நல்ல இத்தாலிய ஓவியங்கள் இருக்கின்றன, அதற்கு ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட வேண்டியதில்லை.

மாணவர் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுள்ளோருக்கு 2 யூரோ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஆசைப்படுகிறார்கள். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. இந்தியக் கடவுச்சீட்டோடு ஜெர்மன் மாணவர் அட்டையைக் காட்டினால் பொதுவாக முழுக் கட்டணம்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப. ஆகவே உங்கள் ஐம்பது யூரோவில் ஒரே ஒரு டிக்கெட் வாங்குங்கள்: பேராலயக் குவிமாடத்தின் மீது ஏறுவதற்கு. ஏறத்தாழ 30 யூரோ. நாளும் நேரமும் குறித்து இணையத்தில் முன்பே எடுத்துவிட வேண்டும். நேரில் போய்க் கேட்டால் அன்றைக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம். முடிந்தவரை காலையின் முதல் நேரங்களில் ஒன்றைப் பிடியுங்கள்.

ரயிலில் ‘ஃபிரென்ஸே எஸ். எம். நொவெல்லா’ என்ற நிலையத்துக்கு டிக்கெட் எடுங்கள். அதே ஊரில் ரிஃப்ரெடி, காம்ப்போ தி மார்த்தே என்று வேறு நிலையங்களும் உண்டு. பொலோன்யாவிலிருந்து அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம் கூட ஆகாது, முன்கூட்டி வாங்கினால் விலையும் தாழ்வு. பிராத்தோவில் மாறிப் போகும் சாதாரண ரயில் நேரம் தின்னும், ஆனால் கடைசி நேரத்தில் வாங்கினாலும் அதே விலைதான். அதில் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம். பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று பார்ப்பதில்லை. பெரிய பை இருந்தால் நிலையத்திலேயே வைத்துவிடுங்கள், குவிமாடத்தில் அனுமதிக்க மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, நல்ல அடி உள்ள காலணி. ஊர் முழுக்கக் கல் பாவிய தெரு. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், காலை வழிபாடு முடியும்வரை தேவாலயங்களில் பார்வையாளர்களுக்கு இடமில்லை.

நிலையத்திலிருந்து பேராலயம் பத்து நிமிட நடை. வழியில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஒரே திசையில் போவார்கள், வரைபடம் தேவைப்படாது.

சாந்தா மரியா தெல் ஃபியோரே என்ற இந்தப் பேராலயத்தை 1296இல் கட்டத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நடுவில் ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்தில் ஒரு பெரும் எண்கோண ஓட்டை வானம் பார்த்துக் கிடந்தது. எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி அடியிலிருந்து மரச் சாரம் கட்டி அதன்மேல் வளைவை எழுப்ப வேண்டும். அவ்வளவு உயரத்துக்கும் அகலத்துக்கும் சாரம் கட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. 1418இல் போட்டி அறிவித்தார்கள். பொற்கொல்லராகப் பயின்ற ஃபிலிப்போ ப்ரூனெல்லெஸ்கி, தாங்குசாரம் இல்லாமலே கட்டுகிறேன் என்றார். 1420இல் தொடங்கி 1436இல் முடித்தும் காட்டினார்.

அவர் செய்தது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் 463 படி ஏறச் சொல்கிறேன். லிஃப்ட் கிடையாது. இது ஒரு குவிமாடம் இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். படிக்கட்டு அந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. அதாவது நீங்கள் ஏறுவது கட்டுமானத்தின் வயிற்றுக்குள்ளேயே. மேலே போகப் போகச் சுவர் உங்கள் தலைமேல் சாயத் தொடங்கும். அங்கே செங்கற்களைக் கவனியுங்கள். படுக்கை வரிசைகளுக்கு நடுவே சில கற்கள் செங்குத்தாக நட்டு, சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரு சுழலாகப் போகும். ஈரச் சாந்து காய்வதற்குள் சாய்ந்த வரிசை வழுக்கி விழாமல் இந்த நட்ட கற்கள் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் அதுவே ஒரு முழு வளையம், தன்னைத் தானே தாங்கும். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் இப்படி ஏறின. பாரம் தூக்க, மாடுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கவே சுமையை ஏற்றவும் இறக்கவும் செய்கிற பல்சக்கர இயந்திரத்தையும் அவரே வடிவமைத்தார். பொறியியல் படிக்கிறவர்கள் உஃபிட்சியை விட்டுவிட்டு இங்கே வந்ததற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாதி உயரத்தில் உள்பக்க நடைபாதை ஒன்று வரும். வசாரியும் சுக்காரியும் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உண்மையைச் சொன்னால் சுமாரான ஓவியம், கீழிருந்து பார்ப்பதற்காகப் பெரிய பெரிய உருவங்களாகத் தீட்டியது. நரகத்துப் பிசாசுகள் மட்டும் உற்சாகமாக இருக்கின்றன.

இறங்கியதும் ஆலயத்தின் பின்பக்கம் போய்த் தரையில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் வட்டத்தைத் தேடுங்கள். உச்சியில் இருக்கும் செப்புக் கோளம் 1471இல் சிற்பி வெரோக்கியோவின் பட்டறை செய்து ஏற்றியது. இளம் லியோனார்டோ டா வின்சி அப்போது அந்தப் பட்டறையில் இருந்தார். 1601இல் இடி விழுந்து கோளம் உருண்டு வந்து விழுந்த இடத்துக்குத்தான் அந்த அடையாளம். அடுத்த ஆண்டே அதைவிடப் பெரியதாக ஒன்றைச் செய்து மாட்டினார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால், குவிமாடத்தின் எட்டுப் பக்கங்களில் ஒன்றுக்கு மட்டும் அடியில் சலவைக்கல் மாடம் கட்டி, மற்ற ஏழும் மொட்டையாக விட்டிருப்பது தெரியும். முதல் பக்கம் முடிந்தபோது மைக்கலாஞ்சலோ அதைச் சுவர்க்கோழிப் பூச்சியை அடைக்கும் கூண்டு என்று கேலி செய்ததாகவும், அதோடு வேலை நின்றதாகவும் சொல்வார்கள்.

எதிரே இருக்கும் ஞானஸ்நான மண்டபத்தின் தங்கக் கதவுகள் முன்னால் பெரிய கும்பல் நிற்கும். கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை செய்தவை. நீங்கள் பார்ப்பது நகல், அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். பேராலயத்தின் பச்சையும் வெள்ளையுமான முன்முகப்பும் 1887இல்தான் முடிந்தது.

இப்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். இங்கே ஒரு விஷயம் முக்கியம்: சிறிய தேவாலயங்கள் நண்பகலில் கதவைச் சாத்திவிட்டு, மாலை மூன்றரை நான்குக்குத்தான் மறுபடி திறக்கும். பார்க்க வேண்டிய வரிசையை இதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே நேராக ஊரின் முக்கியச் சதுக்கமான சிஞ்ஞோரியாவுக்குப் போகாமல், வியா தெய் கால்ட்சாயுவோலி தெருவில் பாதி வழியில் இருக்கும் ஓர்சான்மிக்கேலேயைச் சுற்றிவிட்டு, மேற்கே திரும்புங்கள். ஓர்சான்மிக்கேலே தேவாலயம் மாதிரியே இருக்காது, ஏனென்றால் அது முன்பு தானிய மண்டி. மேல் மாடிக் கிடங்கிலிருந்து தானியம் கொட்டிய வாய்கள் தூணில் இன்றும் இருக்கின்றன. வெளிச்சுவரின் பதினான்கு மாடங்களையும் ஊரின் வணிகர், கைவினைஞர் சங்கங்களுக்குப் பங்கிட்டு, ஆளுக்கொரு சிலை வைக்கச் சொல்லி நகராட்சி 1406இல் பத்தாண்டு கெடு விதித்தது. அப்புறம் என்ன, யார் சிலை பெரிது என்ற போட்டிதான். வட்டிக்கடைக்காரர்களும் துணி வியாபாரிகளும் வெண்கலத்தில் வைத்தார்கள், வசதி குறைந்தவர்கள் கல்லில் வைத்தார்கள். தொனாத்தெல்லோ போன்ற சிற்பிகளுக்கு அந்தப் போட்டியால் பிழைப்பு நடந்தது. இப்போது மாடங்களில் இருப்பவையும் நகல்கள்தாம்.

மேற்கே போகும் வழியில் புதுச்சந்தை மண்டபம். வெண்கலப் பன்றியின் மூக்கைத் தடவ வரிசை நிற்கும், அதை விடுங்கள். மண்டபத்தின் நடுவே தரையில் சக்கர வடிவில் ஒரு கல் பதித்திருக்கும், பெரும்பாலும் தோல்பை விற்பவர்களின் கடைக்கு அடியில் மறைந்து கிடக்கும். கடனைத் திருப்பித் தராமல் திவாலானவர்களைக் கால்சட்டையை அவிழ்த்து, அந்தக் கல்லின்மேல் பின்பக்கம் பட மோதுவது தண்டனை. வங்கித் தொழிலால் எழுந்த ஊர், கடனை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் சாந்தா திரினிதா தேவாலயம். நுழைவு இலவசம், ஆள் அதிகம் இருக்க மாட்டார்கள். பீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கம் உள்ள சஸெத்தி சிற்றாலயத்துக்குப் போங்கள். சில்லறை போட்டால் விளக்கு எரியும், அதற்காகவே யூரோ நாணயங்கள் வைத்திருங்கள். ஃபிரான்செஸ்கோ சஸெத்தி, ஊரில் கோலோச்சிய மெடிசி குடும்பத்து வங்கியின் தலைமை மேலாளர். ஓவியர் கிர்லாண்டாயோவைக் கொண்டு இங்கே புனித ஃபிரான்சிஸின் வாழ்க்கையை வரையச் செய்தார், 1485 வாக்கில் முடிந்தது. உச்சியில் உள்ள காட்சி ரோம் நகரில் போப்பாண்டவர் முன்னால் நடந்ததாக இருக்க வேண்டும். ஆனால் பின்னணியைப் பாருங்கள்: ஃபிளாரன்ஸின் சிஞ்ஞோரியா சதுக்கமும் அதன் வளைவு மண்டபமும். வலப்பக்கம் லொரென்சோ மெடிசி நிற்க, அவர் பக்கத்திலேயே சஸெத்தி தன்னையும் வரையச் செய்திருக்கிறார். முதலாளியோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆசை அன்றும் இருந்தது. அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் வங்கி உள்ளுக்குள் சரிந்துகொண்டிருந்தது. 1494இல் மெடிசிகள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது வங்கியும் போனது.

அதற்குக் கீழே, ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த சிறுவனை ஃபிரான்சிஸ் உயிர்ப்பிக்கும் காட்சி. அது நடப்பது நீங்கள் நிற்கும் தேவாலயத்தின் வாசலில். படத்தில் இருக்கும் அந்த மாளிகை வெளியே இன்றும் நிற்கிறது, கீழ்த்தளத்தில் விலையுயர்ந்த செருப்புக்கடை. ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதே இடத்தை அதே கோணத்தில் பார்க்கிற வாய்ப்பு எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது. இந்த சஸெத்தி குடும்பத்தில் பின்னால் வந்த ஃபிலிப்போ என்பவர் மிளகு வாங்கக் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து நீண்ட கடிதங்கள் எழுதி, 1588இல் கோவாவில் இறந்தார் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு ஓர் உபரிச் செய்தி.

வாசலிலிருந்து சற்றுத் தள்ளி ஆறும் சாந்தா திரினிதா பாலமும். பொன்தே வெக்கியோ என்கிற பழைய பாலத்தைப் படமெடுக்கச் சரியான இடம் இதுதான், அந்தப் பாலத்தின் மேலே நின்றால் பாலம் தெரியாது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை பொன்தே வெக்கியோவைத் தவிர எல்லாப் பாலங்களையும் தகர்த்தது. நீங்கள் நிற்கும் பாலத்தின் கற்களை ஆற்றிலிருந்து பொறுக்கி எடுத்து 1958இல் பழையபடியே கட்டினார்கள். அதன் மூலையில் நிற்கும் வசந்த தேவதைச் சிலையின் தலை மட்டும் 1961இல்தான் ஆற்றில் அகப்பட்டது. கழுத்தில் ஒட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இப்போது சிஞ்ஞோரியா சதுக்கம். சற்றுமுன் ஓவியத்தில் பார்த்த மண்டபம், அப்போது காலியாக இருந்தது. இப்போது உள்ளே செல்லினியின் பெர்சியஸ், ஜாம்போலோன்யாவின் சபைன் பெண்கள். இரண்டுமே பெரிய சிற்பங்கள், இலவசம், கண்ணாடிக் கூண்டு இல்லை. அரண்மனை வாசலில் நிற்கும் டேவிட் 1910இல் வைத்த நகல். கையைக் கவனியுங்கள்: 1527 கலவரத்தில் மேலிருந்து எறிந்த பெஞ்சு பட்டு அசல் சிலையின் இடக்கை உடைந்தது. 1873இல் உள்ளே கொண்டுபோனது அதற்காக அல்ல, வெயிலிலும் மழையிலும் கல் சிதையாமல் காக்க. நெப்டியூன் நீரூற்றுக்கு முன்னால் தரையில் ஒரு வட்டப் பலகை. ஆடம்பரப் பொருள்களைக் குவித்து எரிக்கவைத்த துறவி சவொனரோலாவை 1498 மே 23 அன்று அங்கேதான் எரித்தார்கள். தண்ணீர் பாட்டிலை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள், நகராட்சிக் குழாய் இருக்கிறது.

சாப்பாடு. சதுக்கத்தைச் சுற்றி மேசை விரித்திருக்கும் கடைகளில் உட்காரவே வேண்டாம். உட்கார்ந்த கட்டணம் என்று தனியாக ஒன்று பில்லில் வரும். கிழக்கே பதினைந்து நிமிடம் நடந்து சாந்தம்ப்ரோஜோ சந்தைக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்கும் இடம், பிற்பகல் இரண்டு மணிவாக்கில் மூடிவிடும். எட்டு, பத்து யூரோவுக்குள் வயிறு நிறையும். சைவம் என்றால் ரிபொல்லித்தா கேளுங்கள்: வெள்ளைப் பயறு, கருங்கீரை, பழைய ரொட்டி போட்டுக் கொதிக்கவைத்த கெட்டிச் சூப். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் லாம்ப்ரெதோத்தோ, மாட்டின் நான்காம் இரைப்பையை வேகவைத்து ரொட்டிக்குள் பச்சைச் சட்னியோடு தருவது. நம்மூர் போட்டிக் குழம்புக்குப் பழகியவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. ரொட்டியில் உப்பு இல்லையே என்று திகைக்காதீர்கள், டஸ்கனி ரொட்டி அப்படித்தான். கடை தேடும்போது இன்னொன்று: இந்த ஊரில் கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு எண், இரண்டும் தனித்தனி வரிசை. ஒரே தெருவில் இரண்டு 15 இருக்கும். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்றிருந்தால் சிவப்பு.

திரும்பும் வழியில் சாந்தா குரோச்சே தேவாலயம். மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரின் சமாதிகளும் உள்ளே. கவிஞர் டான்டேக்கும் பெரிய நினைவுச் சின்னம் உண்டு, ஆனால் காலி. நாடு கடத்திய ஊருக்கு அவர் உடல் திரும்பவே இல்லை, ரவென்னாவில் இருக்கிறது. அங்கே எரியும் விளக்குக்கு ஃபிளாரன்ஸ் ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புகிறது. உள்ளே போக டிக்கெட் வேண்டும் என்பதால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, சுற்றுத் தெருச் சுவர்களில் 1966 நவம்பர் 4 வெள்ளக் குறிகளைத் தேடுங்கள். பல இடங்களில் உங்கள் தலைக்கு மேலே இருக்கும்.

பொன்தே வெக்கியோவைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிடுங்கள். 1345இல் கட்டியது. கசாப்புக் கடைகளின் நாற்றம் பொறுக்காமல் 1593இல் அவர்களை விரட்டி, நகைக்கடைக்காரர்களை வைத்தார் பெர்டினாண்டோ மெடிசி. காரணம், கடைகளின் தலைக்கு மேலேயே குடும்பத்தின் தனி நடைபாதை போகிறது. ஆட்சி அலுவலகத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அரண்மனைக்குப் போக, வசாரி 1565இல் ஐந்தே மாதத்தில் கட்டியது. தெற்கு முனையில் அது ஒரு கோபுரத்தைச் சுற்றி வளைந்து போவதைப் பாருங்கள். அந்த வீட்டார் இடிக்க விடவில்லை.

அதே நடைபாதை பாலத்தைத் தாண்டியதும் சாந்தா ஃபெலிச்சிதா தேவாலயத்தின் முகப்பில் புகுந்து போகிறது. மெடிசிகள் ஜனங்களோடு கலக்காமல் மேலிருந்தே பூசை பார்க்க உள்ளே ஒரு மாடம் இருக்கிறது. நுழைந்ததும் வலக்கைப் பக்கம் பொந்தோர்மோவின் ஓவியம், 1520களில் வரைந்தது. இறந்த இயேசுவைத் தூக்கி வருகிறார்கள். சிலுவை இல்லை, தரை இல்லை, ஏணி இல்லை. இளஞ்சிவப்பும் நீலமுமாக உடல்கள் காற்றில் மிதக்கின்றன, நுனிக்காலில் குந்தியிருக்கும் ஒருவன் நேராக உங்களைப் பார்க்கிறான். இங்கும் விளக்குக்கு நாணயம். உஃபிட்சிக்குப் போகவில்லையே என்ற குறை இருந்தால் இந்த ஒரு படத்தின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள்.

அப்புறம் கிழக்கே சான் நிக்கொலோ வரை ஆற்றோரத் தெருவில் நடந்து, பழைய மதில் வாசலைத் தாண்டிப் படியேறுங்கள். எல்லோரும் மைக்கலாஞ்சலோ சதுக்கத்தோடு நின்றுவிடுவார்கள். அது ஃபிளாரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த சில ஆண்டுகளில், 1869இல் போட்ட காட்சி மேடை. வாகன நிறுத்தமும் பீர் விற்பனையுமாக இருக்கும். இன்னும் பத்து நிமிடம் ஏறினால் சான் மினியாத்தோ. 1018இல் எழத் தொடங்கிய ஆலயம், பேராலயத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தது. தரையில் 1207இல் பதித்த சலவைக்கல் ராசிச்சக்கரம். மாலையில் துறவிகள் லத்தீனில் கிரெகோரியன் பாடல் பாடுவார்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வாசலில் எழுதியிருக்கும். பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் பினோக்கியோவைப் படைத்த கொல்லோதி இருக்கிறார். மணிக்கூண்டை 1529–30 முற்றுகையில் பீரங்கிக் குண்டிலிருந்து காக்க மெத்தைகளால் போர்த்தியவர் மைக்கலாஞ்சலோ.

அங்கிருந்து பார்த்தால் காலையில் ஏறிய குவிமாடம் முழுசாகத் தெரியும், எத்தனை வீடுகளை அது சிறியதாக்குகிறது என்பதும் தெரியும். ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும், டிசம்பரில் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். திரும்பும் ரயிலை அதற்கேற்ப எடுங்கள். இங்கிருந்து நிலையத்துக்கு நிதானமாக நடக்க நாற்பத்தைந்து நிமிடம் வையுங்கள். இறக்கத்தில் ரோஜாத் தோட்டம் திறந்திருந்தால் அதன் வழியாகப் போகலாம், காசு கிடையாது.

செலவு: டிக்கெட் 30, சாப்பாடு 10, விளக்கு நாணயம் இரண்டு மூன்று, நின்றபடி குடிக்கும் காபி ஒன்றரை, ஒரு ஜெலாட்டோ மூன்று. ஐம்பதுக்குள் அடங்கும். இன்னொரு நாள் கிடைத்தால் உஃபிட்சிக்குக் காலை 8:15க்கே போய் நில்லுங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.